விசிறியில் சிக்கிய நூல்

காற்றுப் போகும் வழியை எல்லாம் அடைத்துவிட்டு, "ஸ்லோவாப் போகுது" என்று லெப்டொப்பைத் தூக்கி வருகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பதுளையில் கடை போட்ட நாளிலிருந்து இதே பாட்டுத்தான். ஆனால் இராக்கம்மாவை ஏச முடியாதபடி அவள் மகள் துஷாந்தினி முதல் நாளே என் வாயைக் கட்டிவிட்டாள்.

என் கடையில் லெப்டொப் வாங்கிய பெண். இப்போது குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். அங்கிருந்து குரல் பதிவு அனுப்பியிருந்தாள். "ஷிபான் நானா, நாளைக்கு அம்மா நமுனுகுலயிலருந்து லெப்டொப்பக் கொண்டு வருவாங்க. என்ன பழுதா இருந்தாலும், பழசாயிருச்சுன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்லிடாதீங்க."

பழுதை மறைத்துப் பேசும் தொழிலா நான் செய்கிறேன் என்று எரிச்சல்தான் வந்தது.

மறுநாள் இராக்கம்மா லெப்டொப்பைக் கறுப்புக் கம்பளியில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தாள். "போன்ல புள்ள மொகம் சின்னதாத் தெரியுதுங்க மொதலாளி. இதுல பெருசாப் பாக்கலாம்னா, செத்த நேரத்துல அப்பிடியே நின்னுருது."

பவர் செட்டிங்கைப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. கொஞ்சம் ஓடவிட்டதும் அடிப்பக்கம் கை வைக்க முடியாத சூடு. சூடேறினால் பிராசஸர் கருகிவிடாமலிருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். படம் உறையும், குரல் அறுந்து அறுந்து வரும்.

"அன்னைக்கும் இப்பிடித்தாங்க," என்றாள். "கொழும்பு கம்பெனிக்காரங்க இதுலதான் இன்டர்வியூ வச்சாங்க. புள்ள பேசிக்கிட்டிருக்கயிலயே நின்னு போச்சு. அந்த வேல கெடச்சிருந்தா எதுக்குக் குவைத்துக்குப் போறா? தோட்டத்து லயத்து வீட்டுல ஒரே பனி மொதலாளி. மிஷினுக்குக் குளுருமேன்னு நான்தான் எப்பவும் கம்பளிய அடியில மடிச்சு வச்சுக் குடுப்பேன். அப்பிடியிருந்தும் நின்னுருச்சு."

அந்தப் பெண் ஏன் என் வாயைக் கட்டினாள் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. காற்றுப் போகும் வழி அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது.

அடித்தட்டைக் கழற்றினேன். விசிறி முழுக்கக் கறுப்பு நூல் சுற்றி இறுகிக் கிடந்தது. அவசரமாக இழுத்துக் குப்பைக் கூடைப் பக்கம் எறிந்தேன், வெளியே விழுந்தது. இராக்கம்மா குனிந்து எடுத்தாள். மடியிலிருந்த கம்பளியின் ஓரத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள்.

"இதுனாலயா மொதலாளி?"

"இல்லம்மா. சாமான் பழசாப் போச்சு. அவ்வளவுதான்."

நான் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

சுத்தம் செய்து அடித்தட்டைத் திரும்பப் பூட்டி, மகளுக்கு அழைப்பு எடுத்துக் கொடுத்தேன். துஷாந்தினி திரை நிறைய வந்தாள். குரல் ஒரு தடங்கலும் இல்லாமல் கேட்டது.

"அம்மா, தெளிவாத் தெரியிறீங்க. ஷிபான் நானா என்ன சொன்னாரு?"

இராக்கம்மா நூலைக் கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டாள்.

"பழசாயிருச்சாம் புள்ள," என்றாள். "வேற ஒண்ணுமில்லயாம்."