ஏழாம் நம்பர் நின்ற இடம்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். கால் வலிக்கிறவர்கள் காலை நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஒரு விழாவின் கதை சொல்கிறேன். மேடை உண்டு, பாட்டு உண்டு, சிரிப்பும் உண்டு. ஆனால் சிரித்துக்கொண்டே எழுந்து போகிற கதை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் என் மனசுக்கு நல்லது.

ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனி. நுழைவாயிலை ஒட்டிய சின்ன அறையில், வருகைப் பதிவேட்டோடு இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தாள் ஒருத்தி. அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அங்கே யாருக்கும் ஞாபகமில்லை. மேனேஜர் முதல் லோடு ஏற்றுகிறவர் வரை ரிஜிஸ்டர் அக்காதான். யார் தாமதமாக வந்தார், யார் பிள்ளைக்குக் காய்ச்சல், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

வருஷக் கடைசியில் கம்பெனிக்குப் பத்து நாள் லீவு. லீவு விடுகிற அன்று மத்தியானம் குடும்பத்தோடு எல்லோரையும் கூப்பிட்டு ஒரு விழா நடக்கும். ஆட்டம் பாட்டத்துக்கு ஏற்பாடு செய்வது அவள் பொறுப்பு. எப்போதும் நடக்கிறதுதான்: நாற்காலியைச் சுற்றி ஓடுகிற விளையாட்டு, ஆபீஸ் பெண்கள் இரண்டு பாட்டு, கணக்கர் ஒரு கவிதை. போன வருஷக் கவிதை முடிவதற்குள் ஐஸ்கிரீம் கரைந்து, குழந்தைகள் அதைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

இந்த வருஷம் மேனேஜரே கூப்பிட்டு, அமர்க்களப்பட வேண்டும் என்றார். மிஷின்கள் ஓடுகிற பெரிய ஹாலிலேயே மேடை, விளக்கு, சுவருக்குச் சுவர் கம்பளம். அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உடனே தம்பியிடம் ஓடினாள்.

தம்பியும் அங்கேதான் வேலை செய்தான். அட்டைக்கு மடிப்புக் கோடு போட்டு ஓரம் வெட்டும் ஏழாம் நம்பர் மிஷின் அவனுடையது. பதினெட்டு வருஷம் ஒரே மிஷின். அவன் பெண்டாட்டி அதைச் சக்களத்தி என்பாள். "வீட்ல என் முகத்தை அப்படிப் பாத்திருக்காரா கேளுங்க அண்ணி" என்று பொருமுவாள். அவனை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தக் குரலையும் அப்படியே எடுத்துவிடுவான். நாலு வருஷத்துக்கு முன் விழாவில் மேனேஜர் மாதிரி இருமிக் காட்டினான். கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. மறுவாரம் அவனுக்கு ஒரு மாசம் நைட் ஷிப்டு விழுந்தது. அதோடு மேடைக்கு ஒரு கும்பிடு போட்டிருந்தான்.

"மனுஷங்க யாரையும் தொடாத. மிஷினை மட்டும் பண்ணு. மிஷின் கோவிச்சுக்காது" என்று அக்கா கெஞ்சினாள்.

அந்த யோசனை அவனைப் பிடித்துக்கொண்டது. பசை போடுகிற மூணாம் நம்பருக்கு ஆஸ்துமா, பின் அடிக்கிற அஞ்சாம் நம்பருக்கு மாமியார் வாய் என்று அன்றே ஆரம்பித்துவிட்டான். அவள் நிகழ்ச்சித் தாளில் கடைசியாக, கொட்டை எழுத்தில் அவன் பெயரை எழுதினாள்.

அதே வாரம் இன்னொன்றும் நடந்தது. ஒரு குடோனிலிருந்து அவனை மேஸ்திரி வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவனுக்கு நாற்பத்துநாலு வயசு. அந்த வயசில் ஓர் ஆளைக் கூப்பிட்டுக் கொடுக்கிற வேலை அபூர்வம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், திங்கட்கிழமை சேர வேண்டும். விழா அதற்கடுத்த புதன்கிழமை.

இப்போது கொஞ்சம் கவனமாய்க் கேளுங்கள். விழாவுக்குப் பதினோரு நாள் இருக்கையில், அடுத்த வருஷத்துப் பதிவேட்டை அச்சகத்தில் சொல்லிவைக்க வேண்டும் என்று பெயர்ப் பட்டியலை எழுதி எடுத்துக்கொண்டு அவள் மேனேஜரிடம் போனாள். வருஷா வருஷம் செய்கிறதுதான். அவர் தாளை வாங்கவே இல்லை.

"அது வேணாம்மா."

"லீவு முடிஞ்சு வந்தா முதல் நாளே கையெழுத்துப் போட நோட்டு வேணுமே சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வெகு நேரம் துடைத்தார். பிறகு கதவைச் சாத்தச் சொன்னார். கம்பெனியை மூடுகிறார்கள். ஹாலும் விற்றாயிற்று, மிஷின்களும் விற்றாயிற்று. அலங்காரம் நடக்கிறது, யாரும் வர வேண்டாம் என்று விழாவுக்கு முன் மூன்று நாள் லீவு விடுவார்கள். அப்போது லாரி வந்து மிஷின்களை ஏற்றிப்போகும். கேட்டால் சர்வீஸுக்கும் பெயிண்டுக்கும் போயிருக்கிறது என்று பதில். விழா முடிந்து பரிசுப் பெட்டி கொடுப்பார்கள். வேலை இல்லை என்கிற கடிதம் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். முன்னாலேயே தெரிந்தால் ஜனங்கள் லாரியை மறித்துக்கொண்டு நிற்பார்கள் அல்லவா? வாயை மூடிக்கொண்டிருந்தால் தலைமை ஆபீசில் அவளுக்கு மட்டும் ஒரு நாற்காலி உண்டு.

"உங்க தம்பிகிட்டகூட மூச்சு விடக்கூடாது. அவன் காதுல விழுந்தா ஊருக்கே ஒலிபரப்பாயிடும்" என்றார்.

அவள் தலையாட்டினாள். ஏன் ஆட்டினாள் என்று நான் அவளைத் திட்ட மாட்டேன், நீங்களும் திட்டாதீர்கள். அவளுக்கு ஐம்பத்துமூன்று வயசு. இன்னொரு நுழைவாயிலில் யார் அவளை உட்காரவைப்பார்கள்?

வியாழக்கிழமை தம்பி பெண்டாட்டி அக்காவைத் தேடி வீட்டுக்கு வந்தாள். அந்த குடோன் வேலையை அவர் வேண்டாம் என்கிறார், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் தட்ட மாட்டார் அண்ணி என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை பிடித்த இடம் ராத்திரி பூராவும் சுட்டது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவள் தம்பியிடம் போனாள். அவன் ஏழாம் நம்பரில் சாய்ந்துகொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அந்த குடோன் வேலைக்குப் போயிடேன்டா."

"என்னக்கா, போன வாரம் காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சின, இப்ப விரட்டுற? என் இடத்துக்கு வேற ஆள் கெடைச்சுட்டாரா? அந்தக் கவிதைக்காரரா?"

"அங்க தூசி இல்லடா. மேஸ்திரி வேலை."

"இங்க என்ன குறைச்சல்? மேடை போடறாங்க. லீவுல மிஷினுக்கு பெயிண்ட் அடிக்கப்போறாங்களாம். மூடப்போற கம்பெனி இதெல்லாம் செய்யுமா, நீயே சொல்லு."

அவனே கேட்டுவிட்டான் பாருங்கள். அவன் வாயாலேயே அந்தச் சொல் வந்துவிட்டது. அவள் தலையை ஆட்டியிருந்தால் போதும். மேனேஜர் முன்னால் அத்தனை சுலபமாக ஆடிய தலை, கூடப் பிறந்தவன் முன்னால் ஆடவில்லை. சங்கு ஊதியது. அவன் கையைக் கழுவிக்கொண்டு ஏழாம் நம்பரைக் கிளப்பினான். சாயங்காலம் குடோனுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டான்.

புதன்கிழமை ஹாலைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். மிஷின் ஒன்றுகூட இல்லாமல் அந்த ஹால் அவ்வளவு பெரிசு என்று யாருக்குமே தெரியாது. சிவப்புக் கம்பளம், பலூன், விளக்கு. குழந்தைகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சறுக்கி விளையாடினார்கள். நாற்காலி விளையாட்டு முடிந்தது. பாட்டு முடிந்தது. கவிதைகூட ஒருவழியாக முடிந்தது.

தம்பி மைக்கோடு வந்தான். மூணாம் நம்பர் மூச்சு வாங்கியது. அஞ்சாம் நம்பர் மருமகளைத் திட்டியது. ஜனங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். "ஏழு, ஏழு" என்று கத்தினார்கள். தம்பி பெண்டாட்டி முன்வரிசையில் இருந்து, "சக்களத்தியைக் கூப்பிடுங்க" என்று தானும் கத்தினாள்.

அவன் மேடையைவிட்டுக் கீழே குதித்தான். "அவளை அவ எடத்துல வச்சுத்தான் பேசணும்" என்று சொல்லி, மூன்றாவது தூணிலிருந்து ஒன்று, இரண்டு என்று அடி எண்ணிக்கொண்டு நடந்தான். ஒன்பதாவது அடியில் கால் எதிலோ இடித்தது. இரண்டு கம்பளம் சேருகிற இடம் அது. மடிப்பு விழுந்திருக்கிறது என்று நினைத்து, குழந்தைகள் தடுக்கி விழக்கூடாதே என்று குனிந்து ஓரத்தைத் தூக்கினான்.

மிஷினைத் தரையோடு பிடித்து நிறுத்துகிற போல்ட்டுகள் நாலும் அறுத்துவிடப்பட்டிருந்தன. அறுத்த முனை புதிசாய்ப் பளபளத்தது.

சர்வீஸுக்குப் போகிற மிஷினுக்கு நட்டைக் கழற்றுவார்கள். போல்ட்டை அறுக்க மாட்டார்கள். திரும்பி வந்தால் அது எதில் நிற்கும்? பதினெட்டு வருஷம் மிஷினோடு வாழ்ந்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். மேடை ஓரத்தில் நிகழ்ச்சித் தாளோடு நின்றவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெள்ளிக்கிழமை ஆடாத தலை இப்போது சொல்லிவிட்டது.

கையில் மைக் இருந்தது. எதிரே இருநூறு குடும்பம் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தது. அவன் உதடு இரண்டு முறை அசைந்தது. சொல்லிவிடுவான் என்று அவள் நினைத்தாள். சொல்லட்டும் என்றும் நினைத்தாள். ஆனால் அவன் கம்பளத்தின் ஓரத்தை மெதுவாகப் போட்டு, கையால் நீவிவிட்டான். பிறகு ஏழாம் நம்பரைக் கிளப்பினான். முழு வேகத்தில் ஓடவிட்டான். அப்புறம் கரண்ட்டை நிறுத்தினால் பெல்ட் தளர்ந்து, சக்கரம் இரண்டு சுற்றுச் சுற்றி, கடைசியில் ஒரு முனகலோடு நிற்குமே, அதைச் செய்தான். ஹாலே அடங்கிப்போனது.

"மறுபடி ஸ்டார்ட் பண்ணு ரேடியோ" என்று யாரோ கேட்டார்கள். அவன் மைக்கை அருகில் இருந்த நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனான்.

பின்பக்கக் குழாயடியில் அக்கா அவனைப் பிடித்தாள்.

"எப்பலேர்ந்துக்கா தெரியும்?"

"பதினோரு நாளா."

அவன் மனசுக்குள் நாளை எண்ணினான். "வெள்ளிக்கிழமைக்கு முன்னாடியே."

"ம்."

ஒரு வசவு வைதிருந்தால்கூட அவள் பிழைத்திருப்பாள். அவன் குழாயை இறுக்கி மூடினான். "உள்ள போ. பரிசுக்கு நீதானே பேர் வாசிக்கணும்" என்றான்.

அவள் போய் வாசித்தாள். தாளைப் பார்க்கவே இல்லை. பதிவேட்டு வரிசை மனப்பாடம். ஒவ்வொருவராக வந்து, தாங்களே செய்த அட்டைப்பெட்டியைச் சிரித்துக்கொண்டே வாங்கிப்போனார்கள். வீட்டில் போய்த்தான் பிரிக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். தம்பி பெயர் வந்தது. வாசித்தாள். யாரும் வரவில்லை. இன்னொரு தரம் வாசித்தாள். பதினெட்டு வருஷத்தில் அந்தப் பெயருக்கு எதிரே அவள் போட்ட முதல் ஆப்சென்ட் அது. பெட்டி மேஜையிலேயே இருந்துவிட்டது.

குடோனில் சனிக்கிழமையே வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம். தம்பி பிறகு எங்கெங்கோ அலைந்தான். எல்லோரும் முதலில் வயசைத்தான் கேட்டார்கள். அக்காவுக்குச் சொன்னபடி நாற்காலி கிடைத்தது. அந்த ஆபீசில் பதிவேடே கிடையாது, விரலை வைத்தால் கதவே ஆளை எண்ணிக்கொள்ளும். ஒரு நாள் அவள் தம்பி வீட்டுக்குப் போனாள். அவன் பெண்டாட்டி கதவைத் திறந்தாள், உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். அண்ணி என்று மட்டும் கூப்பிடவில்லை. உள்ளறையில் அவன் இருப்பது தெரிந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. அவள் தம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்திருங்கள், நேரமாயிற்று. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கை நிறைய வேலையோடு இருக்கட்டும். கூடப் பிறந்தவர்கள் வந்தால் உங்கள் கதவு சத்தமாய்த் திறக்கட்டும். சொல்ல வேண்டிய சொல், சொல்ல வேண்டிய நாளிலேயே உங்கள் வாய்க்கு வரட்டும். உங்கள் குடும்பம் குறையில்லாமல் இருக்கட்டும், நல்லா இருங்கள்.