இருபது நிமிட மணல்

"இருபது நிமிஷம்னு டாக்டர் எழுதியிருக்காரா இல்லையா?"

"எழுதியிருக்கார் சார், நானும் இருபதுக்குத்தான்..."

"அப்புறம் எப்படி எங்கம்மா முப்பத்தஞ்சு நிமிஷம் தண்ணிக்குள்ள இருந்தாங்க?"

"நான் திரும்பி வந்தப்போ மணல் விழுந்துக்கிட்டுத்தான் சார் இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

"உங்க கண்ணப் பத்தி எனக்குத் தெரியாது. நீங்க பொய் சொல்றது மட்டும் தெரியுது."

மகனின் சத்தம் வெந்நீர்க் கூடத்தின் ஈரச் சுவர்களில் மோதித் திரும்பியது. உதவியாளர் அம்மாள் நனைந்த கால்களோடு நின்றார். அடுத்த அறையில், குளித்தவர்கள் போர்த்திக்கொண்டு ஓய்வெடுக்கும் கட்டிலில், அம்மாவின் உடல் கிடந்தது. தலைமுடி இன்னும் காயவில்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய் ஒரு மணி நேரம் ஆகிறது. வெந்நீரில் அதிக நேரம் இருந்ததில் ரத்த அழுத்தம் இறங்கியிருக்கலாம், இதயம் தாங்கியிருக்காது என்றார்.

மகள் வாசற்படியில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று நின்றாள்.

மூட்டுத் தேய்மானத்துக்கு மூன்று வார வைத்தியம். இன்று பதினோராம் நாள். "என் முட்டி ரெண்டும் ஓரகத்திங்க மாதிரிடி, ஒண்ணு ஒத்துக்கிட்டா இன்னொண்ணு முறுக்கிக்கும்" என்பாள் அம்மா. தண்ணீரில் இறங்கினால் மட்டும் இரண்டும் சமாதானமாகிவிடும்.

நீராவியைச் சுவர்க் கடிகாரங்கள் தாங்குவதில்லை என்று இங்கே தொட்டிக்குத் தொட்டி மணற்கடிகாரம் வைத்திருந்தார்கள். உடைமாற்றும் அறையில் யாரோ வழுக்கி விழுந்த சத்தம் கேட்டு உதவியாளர் அம்மாள் ஓடியபோது, "நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்" என்றது மகள்தான். கடைசி மணலும் விழுந்ததைப் பார்த்ததும் அவள்தான். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீருக்குள் காலை நீட்டி மடக்கி, நீட்டி மடக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். மகள் கை நீட்டிக் கடிகாரத்தைத் தலைகீழாகத் திருப்பினாள். யாரும் பார்க்கவில்லை.

மேலாளர் பதிவேட்டோடு வந்தார். "இறங்கினது பத்து பத்து. எங்களக் கூப்பிட்டது பத்து நாப்பத்தஞ்சு. சார் சொல்றது சரிதான்."

"தொட்டிய விட்டு நகரக் கூடாதுங்கிறது விதிதானே?"

"விதிதான் சார். இன்னையோட இவங்கள வேலைய விட்டு நிறுத்திடறோம்."

"நேரம் ஜாஸ்தியாப் போன மாதிரி எனக்கே தோணுச்சு சார்," என்றார் உதவியாளர் அம்மாள் மெதுவாக. "ஆனா மணல் இருந்துச்சே. பதினாறு வருஷமா அதப் பாத்துத்தான் ஏத்தி எறக்கறேன். ஒருவேளை... நான்தான் ஆரம்பத்துல லேட்டாத் திருப்பினேனோ என்னவோ."

"பாத்தீங்களா? அவங்க வாயாலயே வந்துடுச்சு. எழுதிக்குங்க."

மேலாளர் பேனாவைத் திறந்தார். அந்த அம்மாள் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார், தப்புச் செய்தது அந்தக் கைதானா என்பதுபோல.

"அக்கா, நீயும் பக்கத்துலதானே இருந்த? ஒரு வார்த்தை சொல்லேன். ஏன் இப்படி மரம் மாதிரி நிக்கற?"

மகள் வெளியே இருந்த காலையும் உள்ளே எடுத்து வைத்தாள்.

"அவங்கள விட்டுடுடா. அம்மா கால நீட்டி நீட்டி சிரிச்சுக்கிட்டிருந்தா, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்னு நான்தான் திருப்பி வச்சேன்."