புறங்கையில் ஒரு பொட்டுக் கலர்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, இன்னும் கிட்ட. என் குரல் முன்னைப் போல எட்டுவதில்லை. நம் விருத்தாசலத்துப் பீங்கான் பேட்டையில் பொம்மைக்கு முகம் எழுதிய ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். பாலக்கரையில் கடைக்குக் கடை பிரவுசிங் சென்டர் போர்டு தொங்கிய காலத்தில் நடந்தது. கேட்டு முடிப்பதற்குள் உலையில் இருக்கும் சோறு வெந்துவிடும்.

அம்சவல்லி பிரஷ் நுனியால் தன் புறங்கையில் ஒரு பொட்டு வைத்துவிட்டு, கையை நீட்டியபடி காத்திருந்தாள். பெயிண்டிங் கொட்டகையில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். கிண்ணத்தில் ஈரமாக இருக்கும்போது ஒரு நிறம், காய்ந்தால் இன்னொரு நிறம். பொம்மையில் வைத்துப் பார்த்தால் பொம்மை பாழாகும். கையில் வைத்தால் சாயங்காலம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிடலாம். பக்கத்து மணையில் ராஜம்மாள் கிருஷ்ணருக்கு நீலம் அடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை முழுக்க நீலப் பொட்டு.

அந்தக் கொட்டகையில் தூசி கிடையாது. அம்சவல்லிக்கு அதுதான் பெரிசு. போன வருஷம் வரை அவள் எதிர்க் கொட்டகையில் பினிஷிங்கில் இருந்தாள். அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மைகளின் விளிம்பைக் கத்தியால் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வேலை. தேய்க்கத் தேய்க்க மாவு மாதிரி பறக்கும். இருமல் பிடித்து, பேச்சுக்கு நடுவில் மூச்சு நிற்க ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்த டாக்டர், மருந்து எழுதித் தருகிறேன், ஆனால் அந்தத் தூசியை விட்டு வெளியே வராவிட்டால் மருந்து வீண் என்றார். கலியமூர்த்தி முதலாளி இரக்கப்பட்டுப் பெயிண்டிங்கில் ஒரு மணை கொடுத்தார்.

கொலு முடிந்ததும் பெயிண்டிங்குக்கு வேலை குறைந்தது. அப்போதுதான் சென்னைக் கம்பெனி ஒன்றிலிருந்து புது ஆர்டர் வந்தது. இங்கிலீஷ் நர்சரிப் பள்ளிகளுக்குப் பொம்மை செட்: டாக்டர், டீச்சர், போலீஸ், வேலைக்காரம்மா, திருடன். புது அச்சு எதுவும் வேண்டியதில்லை. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று பழைய அச்சே போதும். டீச்சருக்கும் வேலைக்காரம்மாவுக்கும் அதே உடம்பு, அதே மூக்கு. கையில் புத்தகத்தை ஒட்டினால் டீச்சர், விளக்குமாற்றை ஒட்டினால் வேலைக்காரம்மா. மற்றதெல்லாம் பெயிண்ட்.

முதலாளியின் அக்கா மகன் கோகுலகிருஷ்ணன் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தான். கம்பெனிக்காரர்கள் நெட்டில் அனுப்பிய படங்களை அவன்தான் பிரிண்ட் எடுத்து வந்தான். சென்டரில் கலர் மெஷின் அன்றைக்கு ரிப்பேர். கறுப்பு வெள்ளைத் தாளில் எல்லா முகமும் சாம்பலாக இருந்தது. சேலை கட்டு, சட்டை மாதிரி எல்லாம் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா, கலர் உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

முதலாளி சொன்னது இவ்வளவுதான்: சாம்பிள் பிடித்துப்போனால் வருஷம் முழுக்க இரண்டு பேருக்கும் பெயிண்டிங் இருக்கும். பிடிக்காவிட்டால் ராஜம்மாள் ஒருத்தி போதும், அம்சவல்லி பினிஷிங்குக்குத் திரும்ப வேண்டியதுதான்.

முகம் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தெரிந்த ஆளை மனசில் நிறுத்திக்கொள்வார்கள். அப்படிச் செய்தால்தான் பொம்மையின் கண் எதிரில் நிற்பவரைப் பார்க்கும், இல்லாவிட்டால் சுவரைப் பார்க்கும் என்பார்கள். கொலுச் செட்டியாருக்கு ராஜம்மாள் எப்போதும் கடைவீதி மளிகைக்காரரைத்தான் நினைத்துக்கொள்வாள். அம்சவல்லி டீச்சர் பொம்மைக்கு ஜெயஸ்ரீ டீச்சரை நினைத்தாள். மகள் கயல்விழிக்கு நாலாம் வகுப்பு எடுப்பவர். நல்ல கறுப்பு, மூக்குத்தி மட்டும் தனியாக மின்னும். டாக்டர் பொம்மைக்கு, நெஞ்சில் குழாய் வைத்த அந்த டாக்டர். அவரும் கறுப்புதான். வேலைக்காரம்மாவுக்குப் பேட்டையைக் கூட்டுகிற பெரியநாயகி, வெயிலில் நின்றால் கன்னம் சிவந்துபோகிற நிறம். போலீசுக்குப் பக்கத்து வீட்டு ஏட்டு கிடைத்துவிட்டார். திருடனுக்குத்தான் ஆள் அகப்படவில்லை.

"ஏண்டி, தீவாளிச் சீட்டு புடிச்சிட்டு ஓடுனானே, அவன வையி" என்றாள் ராஜம்மாள். "எலுமிச்சம்பழமாட்டம் இருப்பான். மோதரத்தையும் போட்டுடு."

"மோதரம் போட்டா திருடன்னு எப்பிடிக்கா தெரியும்?"

"ஏமாந்தவளுக்குத் தெரியும்."

சாம்பிள் சென்னைக்குப் போய், அதே பெட்டியில் திரும்பி வந்தது. முதலாளி பொம்மைகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். கோபப்படவில்லை. அதுதான் அம்சவல்லிக்குப் பயமாக இருந்தது. வேலை சுத்தம், கண் உயிரோடு இருக்கிறது, ஆனால் ஆள் மாறிப்போயிருக்கிறது என்று கம்பெனியில் சொன்னார்களாம்.

"டீச்சர் யாரு, வேலக்காரம்மா யாருன்னே தெரியலயாம்மா."

"டீச்சர் கையில பொஸ்தகம் இருக்குதுங்களே."

"கையப் பாக்க மாட்டாங்களாம். மூஞ்சியப் பாத்ததும் தெரியணுமாம்." அவரும் டீச்சரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கும் ஒண்ணும் புரியல. கோகுலோட போயி நெட்டுல கலர்ல பாத்துட்டு வா. இன்னொரு தடவ கேட்டு வாங்கியிருக்கேன். இதுவும் போச்சுன்னா என் கையில இல்ல."

பிரவுசிங் சென்டர் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே குளிர்ந்தது. பலகைத் தடுப்புக்குள் இருந்த ஒற்றை நாற்காலியில் அவளை உட்காரவைத்துவிட்டு, கோகுலகிருஷ்ணன் நின்றபடியே தட்டினான். கம்பெனி அனுப்பிய படங்கள் முதலில் வந்தன. டீச்சரும் டாக்டரும் வெள்ளை, வேலைக்காரம்மாவும் திருடனும் கறுப்பு. அதன் பிறகு, கம்பெனி மட்டும் இப்படிக் கேட்கவில்லை, நீங்களே பாருங்கள் என்று சொல்லிவிட்டு, டீச்சர் என்று இங்கிலீஷில் அடித்தான். படங்கள் மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்கின. போர்டுக்கு முன்னால் நின்று சிரிக்கிற பெண்கள், எல்லோரும் வெள்ளை. வேலைக்காரி என்று அடித்தான். குனிந்து தரை துடைக்கிற பெண்கள், எல்லோரும் கறுப்பு. திருடன் என்று அடித்தபோது வந்த முகங்களில் ஒன்று, செத்துப்போன அவள் தம்பியின் ஜாடையில் இருந்தது. அவள் திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள். கிட்டே போனதும் அது வெறும் புள்ளி புள்ளியாகக் கலைந்தது.

"இதெல்லாம் யாரு தம்பி போடுறாங்க?"

"ஒரு ஆளு போடுறது இல்லக்கா. ஒலகம் பூரா எல்லாரும் போடுறது."

"எல்லாரும்னா, நம்ம ஊருலயுமா?"

"நம்ம ஊருல யாரு போடப்போறா."

ஜெயஸ்ரீ டீச்சர் இருக்கிறாரா என்று பார்க்கச் சொன்னாள். அவன் சிரித்தான், ஆனாலும் பெயரை அடித்தான். சேலைக் கடை விளம்பரத்துப் பெண் ஒருத்தி வந்தாள், நல்ல சிவப்பு. அம்சவல்லிக்கு இருமல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அடங்கும் வரை காத்திருந்தாள்.

"அப்ப நாந்தான் தப்பா பாத்துட்டேனா தம்பி? தெனம் பாக்குறவங்களத்தான போட்டேன்."

"தப்புன்னு இல்லக்கா. ஆனா இதுல என்னா இருக்குதோ அதுதான எல்லாருக்கும் தெரியுது."

"கம்ப்யூட்டர் படிச்ச ஆளு வேணும்னா எப்பிடி வரும்?"

அவன் யோசிக்காமல் அடித்துவிட்டான். டை கட்டிய வெள்ளைக்காரர்கள் இறங்க ஆரம்பித்தார்கள். திரை வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. அவளைவிட ஒரு மாற்றுக் கூடுதலான கறுப்பு. கடைசிப் படம் இறங்குவதற்குள் மூடினான். நேரம் முடிந்துவிட்டது என்றான். திரையின் மூலையில் மிச்ச நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் விஷயத்தைக் கேட்ட ராஜம்மாள், கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டிவிட்டு வரச் சொன்னாள். அநியாயம் நடந்தால் அந்தக் கோயில் இருக்கும் மணவாளநல்லூருக்குப் போய், சாமியிடம் முறையிட்டுத் தாளில் எழுதிக் கட்டிவிட்டு வருவது அந்தப் பக்கத்து வழக்கம். யார் செய்தது என்று பேரும் ஊரும் எழுத வேண்டும். அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அம்சவல்லி பிரஷைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு உண்மையாகவே யோசித்தாள். முதலாளி இன்னொரு தடவை கேட்டு வாங்கினவர். கோகுல் படத்தைக் காட்டினவன். கம்பெனிக்காரர்களும் இருப்பதைத்தானே கேட்கிறார்கள்.

"யாரு பேருலக்கா கட்டுறது?"

ராஜம்மாள் பிரஷைத் துடைத்தாள், கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். கடைசியில், "நெட்டுன்னு எழுது" என்றாள்.

"ஊரு?"

ராஜம்மாள் தன் மணைப் பக்கம் திரும்பி, நீலக் கிண்ணத்தைக் கலக்க ஆரம்பித்தாள்.

அம்சவல்லி இந்தத் தடவை யாரையும் மனசில் நிறுத்திக்கொள்ளவில்லை. ஸ்கின் கலர் என்று கொட்டகையில் சொல்கிற டப்பாவைத் திறந்து, எதுவும் கலக்காமல் அப்படியே டீச்சருக்கும் டாக்டருக்கும் பூசினாள். அதே கலரைக் கொஞ்சம் மங்கவைத்துப் போலீசுக்கு. அவளுடைய கறுத்த புறங்கையில் வைத்த பொட்டுகள் காய்ந்து, எண்ணெய் தெறித்த கொப்புளம் போல வெளிறி நின்றன. வேலைக்காரம்மாவுக்குப் பிரவுனில் கறுப்பு சேர்த்துக் குழைத்தாள். திருடனுக்கும் அந்தக் கிண்ணமே போதுமாக இருந்தது. கண் எழுதி முடித்ததும் ராஜம்மாள் எட்டிப் பார்த்தாள். எல்லாம் சுவரைப் பார்க்கிறது என்று சொல்ல வந்தவள், வேலை சுத்தமாக இருக்கிறது என்றாள்.

கம்பெனியிலிருந்து போன் வந்துவிட்டது. இதுதான், இதேதான் என்றார்களாம். முதலாளி கொட்டகைக்கே வந்து, இனி எதிர்க் கொட்டகைப் பக்கம் நீ போக வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சூளையிலிருந்து வெள்ளைப் பொம்மைகள் தட்டுத் தட்டாக வந்து இறங்கின. மாசம் திரும்புவதற்குள் அவளுக்கு இருமல் குறைந்திருந்தது. படுத்தால் தூக்கம் வந்தது.

சாயங்காலம் வீட்டு வாசலில் அம்மாவின் கையைத் துடைத்துவிடுவது கயல்விழியின் வேலை. மண்ணெண்ணெயில் நனைத்த துணியோடு மடி மேல் கையை இழுத்து வைத்துக்கொள்வாள். எந்தப் பொட்டு எந்தப் பொம்மைக்கு என்று அவளுக்கு எல்லாம் தெரியும்.

"இது டீச்சரு" என்று துடைத்தாள். "இது போலீசு." துணியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு தேடினாள். "வேலக்காரம்மா எங்கம்மா? இன்னிக்கி போடலயா?"

"போட்டனே. அந்தப் பக்கந்தான் வச்சேன்."

கயல்விழி கையைக் குண்டு பல்பு வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள். அம்சவல்லியும் குனிந்து தன் கையைத் தானே தேடினாள்.

"இல்லம்மா."

"இருக்கும் பாரு."

எங்கே இருக்கிறது என்று தெரியாததால், கயல்விழி துணியை இன்னொரு தடவை நனைத்துக்கொண்டு, மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை முழுக் கையையும் அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தாள்.

சோறு வெந்த வாசனை வருகிறது, எழுந்து போய்ச் சாப்பிடுங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு ஒருநாளும் ஆறாமல் இருக்கட்டும். படுத்தால் தூக்கம் வரட்டும், மூச்சு முட்டாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டில் பிறக்கிற பிள்ளை கண்ணாடியில் எந்த முகத்தைப் பார்த்தாலும், அந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்கட்டும்.