படம் வராத கணினி

இயந்திரம் உயிரோடுதான் இருக்கிறது, படம்தான் வரவில்லை. இதை இவருக்கு எத்தனை தரம் சொல்வது?

அருந்ததி மனதுக்குள் சலித்துக்கொண்டாள். சாவகச்சேரியில் அவள் வேலை பார்க்கும் கலியாண வீடியோ தொகுக்கும் கடையின் லினக்ஸ் கணினி மூன்று நாளாகக் கறுப்புத் திரையோடு கிடந்தது. முதலாளி கிருபைரட்ணம், கனடாவிலிருக்கும் தமையன் சொன்னபடி திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டை நாலு தரம் கழற்றிப் பூட்டிப் பார்த்துவிட்டு ஓய்ந்தார்.

பிறகு அவள், அதோடு இணைத்திருந்த இன்னொரு கணினி வழியாக அதற்குள் நுழைந்தாள். லினக்ஸைப் புதுப்பித்தபோது கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் அதோடு பொருந்தாமல் போயிருந்தது. பொருத்தமானதை நிறுவினாள். மணமக்கள் திரையில் சிரித்தார்கள்.

கிருபைரட்ணம் உடனே வட்ஸ்அப்பில் தமையனை அழைத்தார். "அண்ணை, நீங்கள் சொன்னமாதிரிச் செய்தம், வந்திட்டுது!"

"பாத்தியே? உங்கை இருக்கிற ஆக்களுக்கு உது விளங்காது," என்றது போன்.

ஏழு வருடமாக அவள் திருத்திய எல்லாவற்றிற்கும் அந்தத் தமையனுடைய பெயர்தான். கோபிக்கவும் கூசியது. ஒவ்வொரு தரமும் சிரித்துத் தலையாட்டியவள் அவள்தானே.

"பிள்ளை, நீர்தான் சொல்லும், அண்ணை சொல்லித்தான் சரிவந்தது எண்டு. சந்தோசப்படுவார்." கிருபைரட்ணம் போனை நீட்டினார்.

அவள் கை நீட்டவில்லை.

"அவர் சொல்லிச் சரிவரேல்லை, சேர். நான் அப்பிடிச் சொல்லமாட்டன்," என்றாள் மெதுவாக.