ஐந்தாவது திரி

குத்துவிளக்குக்கு ஐந்து முகம் வைத்தவன் மெல்பேர்னின் தென்திசைத் தமிழர் மன்றத்தைக் கண்டிருக்க மாட்டான். கண்டிருந்தால் நாலோ ஆறோ வைத்துத் தொலைத்திருப்பான்.

மன்றத்தில் இரண்டு கோஷ்டி, நகரத்தின் இரண்டு கரையில். டார்னெய்ட் பக்கத்தாருக்கு மன்றத் தலைவர் கணேசலிங்கம். கிரான்பர்ன் பக்கத்தாருக்குச் செயலாளர் சிறிதரன். பக்கத்துக்கு இரண்டு திரி என்று பிரித்தபின் மிஞ்சுகிற ஐந்தாவது திரியை யார் ஏற்றுவது? அந்தச் சண்டை முற்றி, போன கலைவிழாவில் மேடையில் இரண்டு விளக்கு வைத்துத் தனித்தனியாக ஏற்றினார்கள். பார்த்த சனம் சிரிப்பாய்ச் சிரித்தது.

சுஜீவா எந்தப் பக்கமும் இல்லை. பள்ளிக்கூடம் ஒன்றில் சரித்திரம் படிப்பிக்கிறவள். மன்றத்தில் சேர்ந்த நாள் முதல் விழா தவறாமல் சனம் இருக்கக் கதிரை அடுக்குவாள், வடை சுடுவாள், திரை இழுப்பாள். ஒரு தடவைகூட அவளை விளக்கேற்றக் கூப்பிட்டதில்லை. அது டாக்டர்மாருக்கும் அவர்களுடைய பெண்சாதிமாருக்கும் உரிய காரியம். அதையெல்லாம் தான் பெரிதாக எடுப்பதில்லை என்றுதான் சொல்லிக்கொள்வாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இரண்டு வருடம் மண்டையை உடைத்து எழுதிய நாடகம் இந்தக் கலைவிழாவில் மேடையேற வேண்டும்.

நாடகம் 1926ஆம் ஆண்டு ஜெர்மனியில் நடப்பது. நாஜிக் கட்சி இன்னும் சின்னக் கட்சி. அதற்குள்ளேயே வடக்கு, தெற்கு என்று குத்துவெட்டு. வடக்கத்தியார் கட்சிக்குப் புதுத் திட்டம் கேட்கிறார்கள். தலைவர் கூட்டத்தைத் தெற்கே, தன் ஆட்கள் நிறைந்த பாம்பேர்க் நகரத்தில் கூட்டி, மணிக்கணக்கில் பேசுகிறார். வடக்கத்தியார் வாயடைத்துப் போகிறார்கள். அவர்களில் அதிகம் துள்ளிய இளம் பேச்சாளன் சில வாரங்களில் தலைவர் பக்கம் தாவிவிடுகிறான்.

"இதிலை ஒருத்தரும் நல்லவை இல்லை. ரெண்டு பக்கமும் விஷம்தான்" என்று ஒத்திகையில் சுஜீவா திரும்பத் திரும்பச் சொன்னாள். "ஆனா எதிர்க்க வந்தவையும் அண்டைக்கு வாயைத் திறக்கேல்லை. அதுதான் கதை."

அந்தப் பேச்சாளனாக நடித்தவன் யதுர்சன். ட்ருகனினாவில் ஒரு களஞ்சியத்தில் மேற்பார்வையாளன். தலைவர் பக்கம் தாவுகிற நாலாம் காட்சி வந்தால் நின்றுவிடுவான்.

"அக்கா, இவ்வளவு நாளும் கத்தினவன் ஏன் மாறினவன்?"

"தலைவர் கூப்பிட்டுக் காரும் மேடையும் குடுத்து மரியாதை செய்தவர். மாறிட்டான்."

"அதுக்காகவா? கன்வின்சிங்கா இல்லை அக்கா."

சுஜீவாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் மேல் கோபம் இல்லை. எத்தனை தரம் திருத்தினாலும் அந்தக் காட்சி மரக்கட்டையாகவே கிடந்தது. எழுதியவளுக்கே விளங்காததை நடிக்கிறவனுக்கு எப்படி விளக்குவது?

இதற்கிடையில் கதை பரவிவிட்டது. மணிக்கணக்கில் பேசுகிற தலைவர் கணேசலிங்கம்தான் என்று டார்னெய்ட் பக்கம் கொதித்தது. கிரான்பர்ன் பக்கம் அதே காரணத்துக்காகக் குதூகலித்தது. "ஐயோ, இது ஜெர்மனி!" என்று சுஜீவா தலையில் அடித்துக்கொண்டாள். யார் கேட்டார்கள்? எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான்.

சிறிதரன் அவளுக்குப் போன் எடுத்தார். "தங்கச்சி, ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. நாடகத்தை நிப்பாட்ட ஆராலை ஏலும் எண்டு பாப்பம். நான் எழும்பிக் கதைப்பன்."

கணேசலிங்கம் செயற்குழுவை டார்னெய்ட்டில் தன் வீட்டில் கூட்டினார். சுஜீவா போனபோது கராஜ் நிறையக் கதிரை. கதிரை நிறைய அவருடைய மச்சான்மாரும் சகலைமாரும் கோயில் கூட்டாளிகளும். கிரான்பர்ன்காரர் நகரத்தைக் குறுக்கே கடந்து வந்த களைப்போடு பின்வரிசையில் நெருக்கி இருந்தார்கள். கணேசலிங்கம் எழும்பினார். மன்றம் தொடங்கிய வரலாறு, தான் பட்ட பாடு, ஒற்றுமை, மறுபடியும் ஒற்றுமை. தேத்தண்ணி ஆறியது. பொரித்த ரோல்ஸ் ஆறியது. அவர் ஆறவில்லை.

சுஜீவாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இது பாம்பேர்க். தன் நாடகத்துக்குள்ளேயே ரோல்ஸ் தட்டோடு இருக்கிறாள்.

"கடைசியா அந்த நாடகம்" என்றார் கணேசலிங்கம். "பிள்ளை நல்லாத்தான் எழுதியிருக்கிறா. ஆனா சனம் பிழையா விளங்கும். இந்த முறை வேண்டாம். ஒரே விளக்கா ஏத்துவம். அடுத்த வருசம் சிறிதரன் தம்பி தலைவரா வரட்டும். ஆருக்கும் மறுப்பு இருக்கோ?"

சுஜீவா சிறிதரனைப் பார்த்தாள். அவர் ரோல்ஸைப் பார்த்தார்.

"ஒற்றுமைதானே முக்கியம்" என்று ரோல்ஸுக்குச் சொன்னார்.

சுஜீவா தட்டைக் கீழே வைத்தாள். எழும்பினாள். சொல்ல வேண்டியதெல்லாம் நுனிநாக்கில் நின்றது. இரண்டு வருடத்து உழைப்பை இரண்டு வசனத்தில் தூக்கிப் போட நீங்கள் யார் என்று கேட்க வாயைத் திறந்தாள்.

"பொறுங்கோ பிள்ளை, முடிக்கேல்லை" என்று கணேசலிங்கம் கையைக் காட்டினார். "ஐஞ்சாவது திரி ஆருக்கு எண்டு கேப்பியள். ரெண்டு பக்கமும் சாராத ஒராள்தான் எங்களிட்டை இருக்கிறா. எத்தினை வருசமாக் கதிரை அடுக்கின பிள்ளை. சுஜீவா, நீங்கள் ஏத்துங்கோ."

கராஜ் முழுக்கக் கைதட்டியது, பின்வரிசையும் சேர்ந்து. அவள் கதிரை அடுக்கியதை யாரோ கண்டிருக்கிறார்கள். விழா மேடை மைக்கில் தன் பெயரைக் கூப்பிடுவது இப்போதே காதில் கேட்டது. அலுமாரியில் கட்டாமல் கிடக்கும் மயில்கழுத்துச் சேலை நினைவுக்கு வந்தது. வெட்கக்கேடு, அந்த நேரத்தில் அதுதான் வந்தது.

"ஓம் அங்கிள்" என்றாள். திரும்பக் கதிரையில் இருந்துவிட்டாள்.

வெளியே வந்து காரில் ஏறியதும் யதுர்சன் போன் எடுத்தான்.

"என்ன அக்கா, முடிவு?"

"நாடகம் இல்லை."

"விசரோ அவைக்கு! நீங்கள் ஒண்டும் கதைக்கேல்லையோ?"

"இல்லை."

"ஏன்?"

சுஜீவா சீட் பெல்டை இழுத்து மாட்டினாள்.

"என்னை விளக்கேத்தக் கூப்பிட்டவை."

யதுர்சன் மெதுவாகக் கேட்டான்.

"அதுக்காகவா?"