இசக்கியம்மாள் வைத்த பத்தியம்

இரண்டு ஊசி போட்ட பிறகும் சண்முகவேலின் நுரையீரல் கட்டி கரையவில்லை. பக்கத்துக் கட்டில் நூர் முஹம்மதுவுக்கும் அதே புற்றுநோய், அதே மருந்து. அவருக்குப் பாதிக்கு மேல் கரைந்திருந்தது.

"இவுகளுக்கு மட்டும் ஏன் கேக்கல டாக்டரம்மா?" என்று கேட்டாள் சண்முகவேலின் மனைவி இசக்கியம்மாள்.

டாக்டர் விஜயலக்ஷ்மி எக்ஸ்ரே படத்தை மேஜையில் வைத்தார். "ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நூல் மாதிரி டிஎன்ஏன்னு ஒண்ணு இருக்கும்மா. மருந்து அதைச் சேதப்படுத்தினா செல் செத்துடும். சில பேரோட கட்டி அந்தச் சேதத்தைத் தானே சரிபண்ணிக்கறது. நாம உடைக்க உடைக்க அது ஒட்டவெச்சுண்டே இருக்கு. யாரோடது அப்படின்னு முன்னாடியே கண்டுபிடிக்க இங்கே வழியில்லை. அடுத்த ஊசியில இன்னொரு மருந்தும் சேர்த்துப் பாக்கறேன். உடம்பு தாங்கணும், நன்னா சாப்பிடட்டும்."

அடையாற்றிலிருந்து தி.நகர் போகும் பஸ்ஸில் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து இசக்கியம்மாள் அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். ஒட்டவைக்க அந்தக் கட்டிக்குத் தெம்பு எங்கிருந்து வந்தது? அவள் கொடுத்த ஆட்டுக்கால் சூப்பிலிருந்தும் முட்டையிலிருந்தும்தானே? அவள் பிறந்த ஊரில் கடுமையான மருந்து எதையும் பத்தியம் இல்லாமல் யாரும் சாப்பிட்டதில்லை. இங்கிலீஷ் மருந்துக்கும் ஏதாவது இருக்கும். படித்தவர்கள் அதைச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அன்று இரவிலிருந்து உப்பில்லாத நொய்க்கஞ்சி, அதுவும் அரை வயிற்றுக்கு.

"ஒரு துண்டு மீன் கிடைக்குமா?" என்று ஒருநாள் சண்முகவேல் கேட்டார்.

"ஊசி முடியட்டும். நீங்க தின்னா அதுவும் திங்கும்."

"அப்ப ரெண்டு பேரையும் நீ பட்டினி போடுதே."

"கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க."

பொறுத்துக்கொண்டார். வேலை பார்த்த ஜவுளிக்கடையில் அறுபது புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்து போகிறவர்களிடமும் முகம் சுளிக்காத மனிதர்.

ஊசி போடும் நாளில் நூர் முஹம்மது அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா அண்ணாச்சி, பாதி ஆள வூட்லயே வுட்டுட்டு வந்துகீறே?"

"மீதிய இவ பத்திரமா பூட்டி வச்சிருக்கா" என்றார் சண்முகவேல். சிரிக்கப் போய் இருமல் வந்தது.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், இசக்கியம்மாளைத் தனியே அழைத்தார்.

"ரத்தம் ரொம்பக் குறைஞ்சிருக்கு. எடையும் இறங்கிடுத்து. இந்த உடம்புல ஏத்தினா மருந்தே ஆளைக் கொன்னுடும். என்ன சாப்பிடறார்?"

இசக்கியம்மாள் சொன்னாள். ஒரு நாள்கூடப் பத்தியம் தவறவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அவர் பட்டினி கிடந்தா கட்டி பட்டினி கிடக்காதும்மா. அதுக்கு வேணுங்கறதை அவர் உடம்புலேர்ந்தே எடுத்துக்கும். சரிபண்ணிக்கற வேலையும் நிக்காது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?"

"இப்பக் கேக்கேன். ஊசி எப்பப் போடுவீக?"

"தேறினா பாக்கலாம்" என்றார் டாக்டர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்ததும் இசக்கியம்மாள் சாளை மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். இரண்டாவது வாய் தொண்டையில் இறங்கவில்லை. சண்முகவேல் தண்ணீர் குடித்து, சுவரில் சாய்ந்துகொண்டார்.

"நல்லா இருக்கு. உப்பு, புளி எல்லாம் கணக்கா இருக்கு."

மிச்சத்தை அவள் தன் வாயில் போட்டாள். கைப்பழக்கத்தில் உப்பே போட்டிருக்கவில்லை.