கிளட்ச்சை மிதித்தவன்

கிளட்ச் வேலைக்காக டிராக்டரைப் பிரிக்கும்போது தம்பியும் இருக்கட்டும் என்று நான்தான் ஆள் அனுப்பினேன். பாசத்தில் அல்ல. எந்நேரமும் கிளட்ச் மேல் காலை வைத்து ஓட்டிப் பிளேட்டைத் தீய்த்துவிட்டான் என்று சொல்லித்தான் இரண்டு வருஷத்துக்கு முன் அவனிடமிருந்து சாவியைப் பிடுங்கினேன். பாதி வண்டி அவனுடையது. இப்போது ஊரான் வண்டியைக் கூலிக்கு ஓட்டுகிறான். தீய்ந்த பிளேட்டை அவன் மூஞ்சிக்கு நேரே காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

மெக்கானிக்கையும் நான் நம்புவதில்லை. கண் அசந்தால் நல்ல சாமானைக் கழற்றிக்கொள்வார்கள். ஸ்டூலைப் போட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். முன் அச்சு ஆடாமல் இரண்டு பக்கமும் கட்டை அடித்தார். இன்ஜினுக்கு முட்டுக் கொடுத்து, கியர் பெட்டிக்கு அடியில் உருளும் ஜாக்கியைத் தள்ளினார். போல்ட்டெல்லாம் கழன்றதும் தம்பி ஒரு பின் சக்கரத்தையும் நான் மறு பின் சக்கரத்தையும் பிடித்து இழுத்தோம். வண்டி நடுவில் பிளந்து ஒரு முழம் விலகியது.

மெக்கானிக் பிளேட்டை எடுத்து நகத்தால் சுரண்டினார்.

"இது தீயவே இல்லையே. கனம் அப்படியே இருக்கு. எண்ணெய்ல ஊறி வழுக்கியிருக்கு."

பிறகு ஃபிளைவீலைக் கழற்றிப் பின்னால் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலைப் பார்த்துச் சிரித்தார்.

"எந்தப் புத்திசாலி போட்டது இதை? சீலோட உதடு இன்ஜினைப் பாக்கணும். இது வெளிய வேடிக்கை பாக்குது."

அந்தப் புத்திசாலி நான். மெக்கானிக்கை நம்பாமல் நானே பிரித்துப் போட்ட சீல். அன்று டார்ச் பிடித்தவன் தம்பி. திரும்பி இருக்கிற மாதிரி தெரியுதே அண்ணே என்றான். நீ டார்ச்சை ஒழுங்காகப் பிடி என்றேன். அடுத்த மாசமே கிளட்ச் வழுக்கத் தொடங்கியது.

"முன்ன இருந்த மெக்கானிக் போட்டது. அவர் செத்துட்டாரு" என்றேன்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் தரையில் கிடந்த ஸ்பானரைப் பார்த்தேன். அவன் உண்மையைப் போட்டு உடைத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். உடைக்கவில்லை. மெக்கானிக் புதுச் சீல் போட்டதும், இரண்டு பாதியும் சேரும்வரை தம்பி கூடவே நின்று தள்ளினான். கையைத் துடைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் சொன்னான்:

"வண்டிக்காரர்கிட்ட சொல்லி வைங்க. அடுத்த தடவை சீலைத் தொடாம உங்களையே கூப்பிடட்டும்."

வண்டிக்காரராம். அவனுடைய பாதியையும், அண்ணன் என்ற சொல்லையும் ஒரே வாயால் கழற்றி வைத்துவிட்டான்.

சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. அவன் கேட்டைத் தாண்டும்வரை அதைத் தடவிக்கொண்டே நின்றேன். எடுத்துக் கொடுக்கக் கை வரவில்லை.